ஊருக்கெல்லாம் தெரிகிறது, என்னைத்தான் தெரியவில்லை

வாசகி கேள்வி:

எனக்கு 39 வயது. பெயர் வேண்டாம். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். பதினெட்டு வயதில் படிக்கச் சென்னைக்கு வந்தேன். அப்புறம் வேலை, கல்யாணம், பையன் எல்லாம் அங்கேதான். கடைசிப் பதினோரு வருடம் வேளச்சேரி. மாமனார் தவறிய பிறகு மாமியாரைத் தனியாக விட முடியாது என்று கணவர் வங்கியில் மாற்றல் கேட்டு வாங்கினார். போன மே மாதம் திருச்சி உறையூரில் அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டோம். என் அலுவலகத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். பையன் ஏழாம் வகுப்பு, ஒரே மாதத்தில் ஒட்டிக்கொண்டான். மாமியார் ஓய்வுபெற்ற ஆசிரியை. தங்கமானவர், என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எட்டு மாதம் ஆகிறது. எனக்கு மட்டும் இந்த ஊர் ஒட்டவில்லை. கணவருக்கு மாலையானால் பள்ளிக்கூட நண்பர்கள், டீக்கடை. எனக்கு யாரும் இல்லை. எங்கே போனாலும் "டீச்சர் வீட்டு மருமகளா?" என்கிறார்கள். போன வாரம் தெருமுனை மளிகைக் கடையில் துவரம் பருப்பு கேட்டேன். "டீச்சர் இதை வாங்க மாட்டாங்களே, நாட்டுப் பருப்புதான் கேப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே, நான் கேட்டதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு வேறு பருப்பைக் கட்டிக் கொடுத்தார். பேசாமல் வாங்கி வந்தேன். வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பருப்புக்கு யாராவது அழுவார்களா?

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். வேளச்சேரி ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்கு நிற்கும்போது தினமும் ஒரு அம்மா மஞ்சள் பையோடு வருவார். பல வருடம் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் பேசியதில்லை. என் தோழிகளைவிட அவரைத்தான் மனசு தேடுகிறது.

உறவுக்காரர்கள் "வேளச்சேரியில வெள்ளத்துல கிடந்தவளுக்கு இங்க என்ன குறை?" என்கிறார்கள். நானும் சின்ன ஊர்க்காரிதான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் நான் யாரோடு பேசினேன் என்பது நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அப்பா காதுக்குப் போயிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவளுக்குத் திருச்சி ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? எனக்கு ஏதாவது கோளாறா? சென்னைக்கே போய்விடலாம் என்று கேட்பது சுயநலமா?

உளவியல் ஆலோசகர் பதில்:

அன்புள்ள தோழிக்கு,

பருப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கடிதத்தில் அதற்கு ஆறு வரி கொடுத்திருக்கிறீர்கள். மாமனார் இறந்ததற்குப் பாதி வரி. எங்கே வலிக்கிறதோ அங்கேதான் கை போகும்.

அந்தக் கடைக்காரர் உங்களை அவமானப்படுத்தவில்லை. அவர் கணக்கில் அது உபகாரம். முப்பது வருடம் ஒரே பகுதியில் பாடம் நடத்திய ஆசிரியைக்கு, உறையூர் மாதிரிப் பழைய குடியிருப்பில், தெருவில் பாதிப் பேர் மாணவர்களாக இருப்பார்கள். அவரும் ஒருவராக இருக்கலாம். டீச்சர் வீட்டுக்குத் தப்பான சாமான் போய்விடக் கூடாது என்ற அக்கறை. ஆனால் அந்த அக்கறை முழுவதும் டீச்சருக்குப் போனது. கடை வாசலில் பணத்தை நீட்டிக்கொண்டு நின்ற உங்களுக்கு ஒரு துளிகூட வரவில்லை. நீங்கள் கேட்டது அவர் காதில் விழுந்தது, ஆனால் கேட்ட ஆளாக நீங்கள் அங்கே இல்லை. இதற்கு அழுகை வரத்தான் செய்யும்.

பிறகு அந்த பஸ் ஸ்டாப். "சின்ன ஊரில் வளர்ந்தும் ஏன் முடியவில்லை" என்று கேட்கிறீர்கள். சின்ன ஊரில் வளர்ந்ததால்தான் முடியவில்லை என்பது என் அபிப்பிராயம். பதினெட்டு வயதில் நீங்கள் சென்னைக்குப் போனது படிக்க மட்டும் இல்லை. அங்கே இருபத்தொரு வருடம் யாரும் உங்களை இன்னார் மகள் என்று பார்க்கவில்லை. எந்தக் கடையில் எதை வாங்கினாலும் அப்பா காதுக்குப் போகவில்லை. இந்த வருடங்களில்தான் நீங்கள் நீங்களாக ஆனீர்கள். இப்போது 39 வயதில், யாரோ ஒருவருடைய "வீட்டுப் பெண்ணாக" மறுபடியும் ஒரு தெருவில் நிற்கிறீர்கள். பருப்புக் கடைக்காரர் வாயைத் திறந்ததும் உங்கள் உடம்புக்குள் இருக்கும் அந்தப் பதினேழு வயதுப் பெண் விறைத்துப் போகிறாள். உறையூரில் இருக்கும் கடைக்காரருக்கும் உங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்கும் சம்பந்தமே இல்லை. மனசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மஞ்சள் பை அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்து நான் சிரிக்கவில்லை. ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் பக்கம் ரயிலுக்கு நிற்கிறவர்களை வைத்து இதையே ஆராய்ந்தார். தினமும் பார்ப்போம், முகம் மனப்பாடம், ஆனால் பேச மாட்டோம், பெயர் தெரியாது. இப்படிப்பட்டவர்களை அவர் பரிச்சயமான அந்நியர்கள் என்றார். பெருநகரத்தில் கண்ணில் படுகிற ஒவ்வொருவரோடும் உறவு வைத்துக்கொள்ள முடியாது, மூளை தாங்காது. அதனால் மனிதர்கள் தாங்களாகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிடுகிறார்கள்: நீ இருப்பது எனக்குத் தெரியும், ஆனால் உன்னை எதுவும் கேட்க மாட்டேன். பேசாததை அங்கே யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக நினைக்க மாட்டார்கள். அது ஒரு வகை மரியாதை. அந்த அம்மா பல வருடம் உங்களுக்கு அதைக் கொடுத்தார். நீங்களும் அவருக்குக் கொடுத்தீர்கள்.

திருச்சியில் இந்த வகை மனிதரே கிடைக்க மாட்டார். இங்கே ஒருவரை மூன்று நாள் தொடர்ந்து பார்த்தால் நான்காம் நாள் "எங்க, புத்தூரா?" என்று ஆரம்பித்துவிடுவார். ஐந்தாம் நாள் உங்கள் பையன் எந்தப் பள்ளிக்கூடம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இதில் நல்லது கெட்டது என்று ஒன்றும் இல்லை, அளவுதான் காரணம். 2011 கணக்கெடுப்பில் சென்னையில் 46 லட்சம் பேர், திருச்சியில் ஒன்பது லட்சத்தை ஒட்டி. சென்னையில் எதை எடுத்தாலும் ஐம்பது இருக்கும். இங்கே அதே சாமான் இரண்டு அல்லது மூன்று இடத்தில்தான் கிடைக்கும். அதனால் பல் டாக்டர் வாசலில் பார்த்தவரையே ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பார்ப்பீர்கள். புதன்கிழமை என்.எஸ்.பி. ரோட்டில் அதே ஆள் எதிரே வருவார். மனிதர்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பார்கள்.

என் அறைக்கு வருகிறவர்களைப் பார்த்தே இதைச் சொல்கிறேன். செருப்பை வாசலில் விடாமல் கையோடு உள்ளே கொண்டுவந்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. செருப்பைப் பார்த்தே யாராவது அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம். சென்னையில் நான் பயிற்சி எடுத்த காலத்தில் இப்படி ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. எனவே உங்களுக்கு உறுத்துவது உங்கள் கற்பனை என்று சொல்ல மாட்டேன். பார்க்கத்தான் செய்கிறார்கள். கேட்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் ஒரு திருத்தம். உங்களைப் பார்ப்பது திருச்சி இல்லை. ஒன்றரைத் தெரு. எட்டு மாதமாக நீங்கள் உறையூரில் ஒரு வீட்டு மாடி அறையில் வேலை பார்த்துவிட்டு, தெருமுனைக் கடைக்குப் போய், கோயிலுக்குப் போய்த் திரும்புகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அந்த ஒன்றரைத் தெருவை ஊர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொன்மலைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். காய்கறி, கருவாடு, பழைய சாமான், கோழிக்குஞ்சு என்று தள்ளுமுள்ளாக இருக்கும். அங்கே ஒரு டீச்சரையும் ஒருவருக்கும் தெரியாது. அல்லது விடிவதற்கு முன் காந்தி மார்க்கெட். லாரியிலிருந்து மூட்டை இறங்கும் நேரத்தில் நீங்கள் யார் வீட்டு மருமகள் என்று விசாரிக்க ஒருவருக்கும் நேரம் இருக்காது. "ஓரம் போம்மா" என்பார்கள். அந்த அதட்டல் உங்களுக்கு எவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாலை ஏழு மணிக்கு மெயின் கார்டு கேட் கூட்டமும் அப்படித்தான். திருச்சிக்காரர்களுக்கு இவை சாமான் வாங்கும் இடம். உங்களுக்கு மருந்து. வாரம் ஒரு தடவை.

கல்லணை, முக்கொம்பு, மலைக்கோட்டை என்று பட்டியல் போட்டு "ஊரைச் சுற்றிப் பாருங்கள், பிடித்துவிடும்" என்று எழுதப் போவதில்லை. அவை விருந்தாளிகளைக் கூட்டிப் போகும் இடங்கள். குடியிருக்க வந்தவருக்கு வேறு தேவை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் உங்களை யாருக்கும் தெரியாது, அந்தத் தெரியாமை உங்கள் சொத்தாக இருந்தது. இங்கே எல்லாருக்கும் தெரிகிறது, ஆனால் வேறொருவர் பெயரில் தெரிகிறது. இந்த இரண்டாவதுதான் உங்களை வாட்டுகிறது. திருச்சி மாதிரி ஊரில் தெரியாமலே இருந்துவிடலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டால் "டீச்சர் வீட்டு மருமகள்" என்ற பெயர் இன்னும் கெட்டியாகும். கூடவே "யாரோடயும் ஒட்ட மாட்டேங்குது" என்ற அடைமொழியும் சேரும். அதனால் தெரியாமல் இருக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். என்னவாகத் தெரிய வேண்டும் என்பதை மட்டும் கையில் எடுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். நானும் கல்யாணமாகிச் சென்னையிலிருந்து இங்கே வந்தவள்தான், 2003-ல். கணவர் மருத்துவர். தையல்காரர் என் ரவிக்கைத் துணியில் சாக்பீஸால் "டாக்டர் சம்சாரம்" என்று எழுதி வைப்பார். முதுகலைப் பட்டம் வாங்கிய எனக்கு அந்தச் சாக்பீஸ் எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் கணவர் ஆட்டோவில் ஏறி வீட்டு முகவரியைச் சொன்னபோது, ஓட்டுநர் திரும்பிப் பார்த்து "கவுன்சிலிங் மேடம் வீட்டுக்காரரா சார்?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அவர் அதைச் சொன்னபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்கு ஆறு வருடம் பிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது.

எப்படி என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். மாமியார் போகாத ஒரு மளிகைக் கடை, மாமியாருக்குத் தெரியாத ஒரு தையல்காரர், உங்கள் பெயரில் மாவட்ட மைய நூலகத்தில் ஓர் உறுப்பினர் அட்டை. தில்லை நகர் பக்கம் போனால் உறையூரிலிருந்து பத்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் அங்கே நீங்கள் புது ஆள். முதல் தடவை போகும்போதே உங்கள் பெயரைச் சொல்லுங்கள். வீட்டு அடையாளம் கேட்டால் தெருப் பெயரைச் சொல்லுங்கள், டீச்சர் பெயரைச் சொல்லாதீர்கள். இது மாமியாருக்கு எதிரான காரியம் ஒன்றும் இல்லை. அவர் முப்பது வருடம் உழைத்துச் சம்பாதித்த பெயர் அது. அதை நீங்கள் ஏன் இரவல் வாங்க வேண்டும்?

வண்டி ஓட்டத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பறக்கும் ரயிலில் போய்வந்தவர் என்பதால் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். சென்னையில் அதற்குத் தேவையும் இருந்திருக்காது. இங்கே தேவை. சத்திரம், மத்தியப் பேருந்து நிலையம் என்று பிரதான வழிகளில் டவுன் பஸ்ஸுக்குக் குறைவில்லை, தனியார் பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம். குறுக்கு வழிகளுக்கும் இருட்டிய பிறகும் அதை நம்ப முடியாது. இந்த அளவு ஊர்கள் எல்லாமே இருசக்கர வாகன ஊர்கள். ஓட்டத் தெரியாத பெண் கணவர் வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது ஆட்டோ பேரம். உங்கள் மனச்சோர்வில் கால் பங்காவது இதுதான் என்று பந்தயம் கட்டுவேன். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுங்கள், அது ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழித்து லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். கணவரிடம் கற்றுக்கொள்ள வேண்டாம். பெண்களுக்குக் கற்றுத்தரும் பெண் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். சண்டை மிச்சம். வழி தெரியாதே என்றும் யோசிக்காதீர்கள். 2025-ல் வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூர் புதுப் பேருந்து நிலையத்துக்குப் போன பிறகு, இங்கேயே பிறந்தவர்கள்கூட எந்த பஸ் எங்கே என்று வழி கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

கணவரைப் பற்றி. நீங்கள் அவர்மேல் ஒரு புகாரும் எழுதவில்லை, ஆனால் டீக்கடை என்ற சொல்லில் கொஞ்சம் காரம் இருந்தது. நியாயம்தான். ஒரே லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு நீங்கள் இருவரும் வந்திருந்தாலும் ஒரே பயணம் போகவில்லை. அவர் ஊர் திரும்பினார். நீங்கள் ஊர் மாறினீர்கள். அவருக்கு இந்த வீட்டில் எந்த மாடிப்படி சத்தம் போடும் என்பது தெரியும். நண்பர்களோடு அவர் பேச்சை ஆரம்பிக்க வேண்டியதில்லை, இருபது வருடம் முன்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஆவதற்கே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது என்றும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றும் கண்டார். அமெரிக்கக் கணக்கு, நம் ஊரில் கொஞ்சம் சீக்கிரமே நடக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் கணவர் அந்த மணி நேரங்களைப் பத்தாம் வகுப்பிலேயே கட்டி முடித்துவிட்டார். உங்கள் கணக்கில் இன்னும் பூஜ்யம்.

வாரம் இரண்டு மணி நேரம், ஒரே இடம், ஒரே ஆட்கள் என்று வைத்தால் 50 மணி நேரம் சேர 25 வாரம். ஆறு மாதம். ஆகவே ஒரு நாள் நிகழ்ச்சி, ஒரு தடவை கூட்டம் இவற்றில் எல்லாம் நட்பு கிடைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள், அவற்றில் கிடைக்காது. யோகாவோ, வீணையோ, இறகுப்பந்தோ, குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதோ, எதுவாவது ஒன்று. உங்களுக்கு அதில் திறமை இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வாரா வாரம் அதே முகங்கள் வர வேண்டும், அவ்வளவுதான்.

அவரிடம் எப்படிப் பேசுவது? "இந்த ஊர் எனக்குப் பிடிக்கலை" என்று ஆரம்பிக்காதீர்கள். உண்மையாக இருந்தாலும் சரி. அப்பாவை இழந்து ஒன்றிரண்டு வருடம்கூட ஆகாத மனிதர் அதை "உன் அம்மாவைப் பிடிக்கலை" என்றுதான் கேட்பார். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விடும். "நீங்க ஊருக்குத் திரும்பி வந்திருக்கீங்க, நான் புதுசா வந்திருக்கேன், இது ரெண்டும் வேற" என்று சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பல கணவர்களுக்கு இது நிஜமாகவே தோன்றியிருக்காது. கெட்ட எண்ணம் இல்லை, சொந்த ஊரில் இருக்கிறவனுக்கு அது ஊராகவே தெரியாது, காற்று மாதிரி. பிறகு குறிப்பாகக் கேளுங்கள்: செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஆறு முதல் எட்டு பையனையும் அம்மாவையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும், நீங்கள் வெளியே போவீர்கள். எங்கே என்று கேட்கக் கூடாது. மனைவி "மனசு சரியில்லை" என்று சொன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கும் ஆண்கள், நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தால் செய்துவிடுவார்கள்.

"என்ன குறை" என்று கேட்கும் உறவுக்காரர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் தண்ணீரில் கிடந்தது உண்மை. போக்குவரத்தில் தினமும் நேரம் போனதும் உண்மை. அதற்காக அந்த ஊரை நினைத்து அழக் கூடாது என்று சட்டமா? கஷ்டம் கொடுத்த இடத்தின்மேல் பாசம் கூடுதலாக இருக்கும். மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பும் ஊரில் இருபத்தொரு வருடம் இருந்தவர், ஏப்ரல் பிறந்ததும் இங்கே அந்தக் காற்றைத் தேடத்தான் செய்வீர்கள். ஒரு நகரத்தை இழந்ததும் இழப்புதான். யாரும் துக்கம் விசாரிக்க வர மாட்டார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

"கோளாறா" என்ற கேள்விக்கு வருகிறேன். 1967-ல் ஹோம்ஸ், ரே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். பழைய பட்டியல், அதை வைத்து யாரையும் எடை போடக் கூடாது, ஆனால் ஒன்றைக் காட்ட உதவும். கல்யாணத்துக்கு அவர்கள் கொடுத்தது 50. வீடு மாறுவதற்கு 20 தான். ஆனால் வாழும் சூழல் மாறினால் 25, வேலை நேரமோ வேலைச் சூழலோ மாறினால் 20, பழகும் வட்டம் மாறினால் 18. நான்கையும் கூட்டுங்கள், 83. இது ஒரு வருடத்துக்குள், துக்க வீட்டின் நடுவில். வேலை வீட்டுக்குள் வந்ததையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். சக ஊழியர்களோடு குடித்த காபி, ரயிலுக்கு நடந்த நடை எல்லாம் அதில் போய்விட்டன. அதில் மிச்சமான நேரம் உங்களுக்குக் கிடைத்ததா? மடிக்கணினி அதைத் தின்றிருக்கும் என்று நினைக்கிறேன். பழைய ரயில் நேரத்தில், வெயில் ஏறுவதற்குள், வீட்டை விட்டுக் கிளம்பி அரை மணி நடந்துவிட்டு வந்து வேலைக்கு உட்காருங்கள். எங்கே நடந்தாலும் சரி.

ஆகவே கோளாறு இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூக்கம் வராமல் இருந்தால், பசி போய்விட்டால், பையனோடு இருக்கும்போதுகூட எதிலும் ஒட்டாமல் வெறுமையாக இருந்தால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், கடிதம் எழுதிக் காத்திருக்காதீர்கள். நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

சென்னைக்குத் திரும்பலாமா என்று கேட்பது சுயநலம் இல்லை. இப்போதே கேட்பது மட்டும் சரியில்லை. ஏனென்றால் நீங்கள் இன்னும் திருச்சியில் வாழ்ந்து பார்க்கவில்லை, மாமியார் வீட்டில் மட்டும்தான் வாழ்ந்திருக்கிறீர்கள். அடுத்த வருடம் மே மாதம் என்று ஒரு நாளைக் குறியுங்கள். அன்று நீங்கள் மூன்று பேரும், மாமியார் உட்பட, உட்கார்ந்து பேசுவது என்று இப்போதே கணவரிடம் சொல்லிவிடுங்கள். "கொஞ்ச நாள் போகட்டும்" என்று தேதி இல்லாமல் தள்ளிப்போட்டால் தினமும் அதே கேள்வியோடு தூங்குவீர்கள். இதற்குள் அலுவலகம் திரும்பக் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். அது மனசு சம்பந்தப்பட்டது இல்லை, வருமானம் சம்பந்தப்பட்டது. உங்கள் துறையில் சென்னை அளவு வேலை இங்கே கிடைக்காது என்பதை யாரும் மறைக்க முடியாது.

இதற்கு நடுவில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சென்னை போய் வாருங்கள். தனியாக. கல்யாணம், காதுகுத்து என்று காரணம் தேடாமல். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிவதற்குள் எழும்பூர். தோழிகளைப் பாருங்கள், பெசன்ட் நகர் கடலில் கால் நனைத்துவிட்டு வாருங்கள். ஆசையாக இருந்தால் வேளச்சேரி ஸ்டேஷனில் உங்கள் பழைய வண்டி நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அந்த அம்மா வந்தால் பேசுவதா வேண்டாமா என்பதை அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.

அந்த மளிகைக் கடைக்கும் மறுபடி போக வேண்டியிருக்கும், பக்கத்தில் இருக்கிறதே. அவர் பருப்பை மாற்றினால் "அது அத்தைக்கு அண்ணே, இது எனக்கு. ரெண்டையும் தனித்தனியாக் கட்டுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். முதல் தடவை குரல் நடுங்கும். பரவாயில்லை.

சென்னை போகும் ரயில் டிக்கெட்டை மட்டும் கடைசி நேரத்தில் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். 60 நாளுக்கு முன்பே பதிவு திறந்துவிடும், வெள்ளிக்கிழமை இரவு வண்டியில் கீழ்ப் படுக்கை சீக்கிரம் தீர்ந்துபோகும்.